இடிபாடுகளும் பயணக் கட்டுரையும்

ஒருவன் தான் கண்டுவந்த நாட்டை, அதனைக் காணாத மற்றொருவனுக்கு எடுத்துச் சொல்லும் மரபு தமிழில் மிகப் பழையது. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்களே. பரிசில் பெற்று மீளும் கலைஞன், பசியோடு எதிர்வரும் கலைஞனைக் கண்டதும் வள்ளலின் பெருமையை மட்டும் கூறி அனுப்பிவிடுவதில்லை. வழியில் எந்த நிலம் வரும், அங்கே யார் வாழ்வர், என்ன உணவு தருவர், எங்கே அஞ்சி நடக்கவேண்டும் என்பனவற்றையெல்லாம் சொல்லிய பின்னரே ஊரின் வாயிலைக் காட்டுகிறான். பயண இலக்கியத்திற்கு இதனினும் சிறந்த இலக்கணம் வகுத்தல் அரிது.

உரைநடையில் இத்துறை தழைத்தது 20ஆம் நூற்றாண்டில். ஏ. கே. செட்டியாரின் ‘உலகம் சுற்றும் தமிழன்’ 1940இல் வெளிவந்தது. தன்னைப் பின்னே நிறுத்திக் கண்டதை முன்னே நிறுத்தும் நடை அவருடையது. மாவட்டந்தோறும் செய்தி திரட்டி எழுதிய சோமலெ, காவிரியைத் தலைக்காவேரியிலிருந்து கடல்வரை தொடர்ந்து சென்று 1971இல் ‘நடந்தாய் வாழி காவேரி’ படைத்த சிட்டி, தி. ஜானகிராமன் ஆகியோர் இத்துறைக்குப் பொலிவு சேர்த்தனர். இவர்களைப் பின்பற்றியும் பின்பற்றாமலும் எழுந்த பயணக் கட்டுரைகள் எண்ணிறந்தன. அவற்றுள் உயிருள்ள நகரங்களைப் பற்றிய பகுதிகள் பெரும்பாலும் சுவையாகவே அமைந்துள்ளன. அங்கே கூட்டம் உண்டு, விலை உண்டு, மொழி தெரியாமல் விழிக்கும் நகைச்சுவையும் உண்டு. எழுத்தாளன் அழிந்த நகரத்தின் முன்னே வந்து நிற்கும்போதுதான் எழுதுகோல் தடுமாறுகிறது. அங்கே பேசுவார் எவருமில்லை. உடைந்த சுவரும் அறிவிப்புப் பலகையும் மட்டுமே உள்ளன. ஆகவே, தான் ஊரிலிருந்து மூட்டை கட்டிக் கொண்டுசென்ற எண்ணங்களையே அவ்விடத்தில் அவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்புகிறான். இக்குறை தமிழ் எழுத்தாளருக்கு மட்டும் உரியதன்று. அறிஞர் உலகில் பெரும்புகழ் பெற்றவரிடத்தும் இஃது இருந்தது.

இங்கிலாந்து செல்லும் தமிழர் பலர் இலண்டனோடு நின்றுவிடுவர். மிஞ்சினால் சேக்சுபியர் பிறந்த ஊரைப் பார்ப்பர். ஆற்றங்கரையில் அமைந்த பழநகரங்கள் அந்நாட்டில் பலவுள. ஊசு ஆற்றங்கரையில் யார்க், தீ ஆற்றங்கரையில் செஸ்டர், ஏவன் ஆற்றங்கரையில் பாத் என அவை விரியும். இம்மூன்று ஊர்களிலும் உரோமர் விட்டுச்சென்ற மதிலோ முகாமோ நீராடுமிடமோ உண்டு. இலண்டனுக்கு வடக்கே உள்ள செயின்ட் ஆல்பன்ஸ் அவற்றைப்போல் பேர்பெற்றதன்று. அதன் அடியில் ஓடும் வெர் ஆறும் காவிரியைக் கண்ட கண்ணுக்கு வாய்க்காலாகவே தோன்றும். எனினும், இடிபாட்டை எவ்வாறு காண்பது என்னும் கேள்விக்கு அவ்வூர் தரும் பாடம் பெரிது.

மேட்டின்மீது இன்றைய நகரும் அதன் பெருங்கோயிலும் நிற்கின்றன. ஆற்றுக்கு மறுபுறம், பசும்புல் வெளியில், உரோமர் காலத்து வெருலாமியம் புதைந்து கிடக்கிறது. மதிலின் சில துண்டங்கள், நாடக அரங்கு ஒன்றின் அடித்தளம், தரைக்கு அடியில் வெப்பக் காற்றைச் செலுத்தி வீட்டைச் சூடாக்கிய அமைப்பு, வண்ணக் கற்களால் கோலமிட்ட தளம் ஆகியவை அங்கே காணத்தக்கவை. கி.பி. 60 அல்லது 61இல் ஐசீனி மக்களின் அரசி பூதிக்கா உரோமருக்கு எதிராக எழுந்தபோது இந்நகர் தீக்கிரையாயிற்று. பின்னர் மீண்டும் எழுந்தது. உரோமர் ஆட்சி மறைந்த பல நூற்றாண்டுகளுக்குப் பின், 1077இல் மேட்டின்மீது பெருங்கோயில் கட்டத் தொடங்கினர். அதற்குக் கல் வேண்டியிருந்தது. கீழே பாழடைந்து கிடந்த உரோம நகரின் செங்கற்களைப் பெயர்த்து எடுத்துச் சென்றனர். அக்கோயிலின் நடுக்கோபுரம் இன்றும் அச்செங்கற்களின் செந்நிறத்தோடு நிற்கிறது. ஆயிரம் ஆண்டுப் பழைமையைக் காண மேட்டுக்கும், இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையைக் காணப் பள்ளத்துக்கும் செல்லும் பயணி, இரண்டிடத்திலும் ஒரே செங்கல்லைத்தான் பார்க்கிறான்.

இவ்வெருலாமியத்தை 1930 முதல் 1933 வரை அகழ்ந்தவர் மார்ட்டிமர் வீலரும் அவர் துணைவியார் டெசா வீலரும் ஆவர். மண்ணைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, அடுக்கு அடுக்காக நீக்கி, ஒவ்வோர் அடுக்கிலும் கிடைத்ததைக் குறித்து வைக்கும் கட்டுப்பாடான முறையை அவர்கள் அங்கே செம்மைப்படுத்தினர். இன்னொன்றும் செய்தனர். உரோமர் வருமுன் அங்கே வாழ்ந்த மண்ணின் மைந்தர் யார், அவர்கள் ஊர் எங்கே இருந்தது என்று தேடி, அருகிலிருந்த காட்டுப் பகுதியையும் அகழ்ந்தனர். தம் நாட்டில் உரோமருக்கு முந்தியவரைத் தேடவேண்டும் என்னும் உணர்வு வீலருக்கு இயல்பாகவே இருந்தது.

1944இல் அவர் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்தார். சென்னை அருங்காட்சியகத்தில் உடைந்த மட்கலத் துண்டு ஒன்று அவர் கண்ணிற் பட்டது. மத்தியதரைக்கடல் நாடுகளில் மது நிரப்பப் பயன்பட்ட இருகாதுச் சாடியின் துண்டு அது. புதுச்சேரிக்கு அருகே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு என்னும் மேட்டிலிருந்து வந்தது. 1945இல் வீலர் அங்கே அகழ்ந்தார். இத்தாலி நாட்டு அரிட்டைன் கலங்கள், கைவினைஞர் முத்திரையோடு கிடைத்தன. அக்கலங்களின் காலம் ஐரோப்பாவில் முன்னரே உறுதி செய்யப்பட்டிருந்தமையால், அவற்றோடு ஒரே அடுக்கில் கிடைத்த தென்னிந்தியக் கலங்களுக்கும் காலம் கணிக்க முடிந்தது. தென்னாட்டு வரலாற்றாய்வில் இது பெரிய திருப்பம். இதனைக் குறைத்துக் கூறுதல் நன்றியின்மையாகும்.

ஆயினும், 1946இல் அவர் வெளியிட்ட அறிக்கை அரிக்கமேட்டுக்கு இட்ட பெயர் ‘இந்தோ-உரோம வாணிக நிலையம்’ என்பதாகும். மீனவர் சிற்றூர் ஒன்று அமைதியாக உறங்கிக் கிடந்ததாகவும், தொலைநாட்டு மதுவும் விளக்கும் கலமும் திடீரென வந்து இறங்கி அதனை எழுப்பியதாகவும் ஒரு சித்திரம் அவர் எழுத்தில் விரிகிறது. அழகான சித்திரம்தான். வெருலாமியத்தில் உரோமருக்கு முந்தியவரைத் தேடிச் சென்ற கண், அரிக்கமேட்டில் உரோமரையே முதலில் தேடியது. அவரை அங்கே ஈர்த்ததும் உரோமச் சாடியின் துண்டுதானே!

அவருக்குப் பின் 1947 முதல் 1950 வரை அகழ்ந்த பிரெஞ்சு அறிஞர் கசால், உரோமப் பொருள்களுக்கு முந்திய அடுக்கிலேயே கறுப்பு-சிவப்புக் கலங்களோடு மக்கள் வாழ்ந்தமையைக் காட்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் சென்னைப் பல்கலைக்கழகமும் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகமும் இணைந்து மீண்டும் அகழ்ந்தன. வெளிநாட்டுச் சரக்கு என எண்ணப்பட்ட உருள்வரி அணிந்த கலங்கள் இந்தியக் குயவரின் ஆக்கமே என்று பெக்லி நிறுவினார். அரிக்கமேடு உரோமரால் தோன்றியதுமில்லை. உரோமர் வரவு நின்றபின் முற்றிலும் அழிந்ததுமில்லை என்னும் கருத்து உறுதிப்பட்டது. தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள் அங்கே வாழ்ந்தோரின் பெயரைச் சொல்லின. வீலரின் முறை வென்றது. வீலரின் முடிவு தோற்றது. அவர் கற்றுக்கொடுத்த அடுக்குமுறையே அவர் முடிவைத் திருத்த உதவியது என்பது அவருக்குப் பெருமையேயாகும்.

அரிக்கமேட்டில் சுவர்கள் பல இல்லை. சுவர் இருந்த இடத்தில் பள்ளமே எஞ்சியுள்ளது. பிற்காலத்தார் செங்கல்லைத் தோண்டி எடுத்துச் சென்றனர். ஆய்வறிக்கைகள் இப்பள்ளங்களைக் கொள்ளைப் பள்ளங்கள் என்று குறிக்கும். துறைச்சொல் என்ற அளவில் அதில் பிழையில்லை. ஆனால் செயின்ட் ஆல்பன்சில் இதே செயலுக்குக் கோபுரம் என்று பெயர். அதனைப் பயண நூல்கள் போற்றுகின்றன. அரியாங்குப்பத்து ஏழையின் அடுப்பங்கரைச் சுவரில் சென்று சேர்ந்த செங்கல்லை எந்தப் பயண நூலும் தேடியதில்லை.

அரிக்கமேட்டின் உண்மையான செல்வம் மதுச்சாடியன்று, மணி. சிறிய கண்ணாடி மணிகளும் நிறக்கல் மணிகளும் அங்கே செய்யப்பட்டன. உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மீண்டும் சூடாக்கி முனை மழுக்கும் தொழில்நுட்பம் அது. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கறுப்பு என ஒற்றை நிறத்தில் அமைந்த அம்மணிகள் ஆப்பிரிக்கக் கரை முதல் கீழைக்கடல் தீவுகள் வரை கிடைக்கின்றன. தொழிலும் மணியோடு கடல் கடந்து வந்தது. பேராக் மாநிலத்துக் கோலா செலின்சிங்கிலும் கெடா மாநிலத்துச் சுங்கை மாசிலும் இவ்வகை மணிகள் செய்யப்பட்டமைக்குச் சான்றுகள் உண்டு. ஆந்திரத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் 20ஆம் நூற்றாண்டிலும் இம்முறையில் மணி இழுக்கப்பட்டது. கடுகளவான ஒரு பொருள் ஈராயிரம் ஆண்டுத் தொடர்பைத் தாங்கி நிற்கிறது. ஆனால் அது சிறியது. அதனருகே நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ள இயலாது. பயணக் கட்டுரையில் அதற்கு இடம் கிடைக்காமைக்கு வேறு காரணம் வேண்டுவதில்லை.

இவ்விடத்தில் கடியலூர் உருத்திரங்கண்ணனாரை எண்ணிப் பார்த்தல் தகும். பத்துப்பாட்டில் இரண்டு நூல்கள் இவருடையவை. காவிரியின் கழிமுகத்து நகரைப் பாடிய பட்டினப்பாலை, கரிகாலன் பெருமையை நோக்கமாகக் கொண்டது என்பது உண்மையே. ஆனால் அம்மன்னனிடம் செல்லுமுன் புலவரின் கண் எங்கெல்லாம் தங்குகிறது என்று மாணவர் கணக்கிட்டுப் பார்க்கலாம். உப்பை விற்று நெல்லோடு மீண்ட படகுகள் குதிரைகளைப்போல் கட்டுத்தறியில் நிற்கின்றன. மீன்பிடிக்கச் செல்லாத நாளில் பரதவர் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு, கள்ளுண்டு விளையாடுகின்றனர். சுங்கம் கொள்வோர் ஓய்வின்றிப் பொதிகளுக்குப் புலி முத்திரை இடுகின்றனர். குதிரை கடல்வழி வந்தது. மிளகு மூட்டை வண்டியில் வந்தது. ஈழத்து உணவும் காழகத்து ஆக்கமும் வந்து குவிந்தன. பல மொழி பேசுவோர் ஒருங்கு வாழ்ந்தனர். யார் யாரை வென்றதால் இச்செல்வம் வந்தது என்று அவ்விடத்தில் அவர் கேட்கவில்லை. எப்பொருள் எங்கிருந்து, எதன்மேல் ஏறி வந்தது என்பதையே சொல்கிறார். பெரும்பாணாற்றுப்படையிலும் இவ்வாறே. உமணரின் உப்பு வண்டி, மிளகுப் பொதி சுமந்த கழுதை, வில்லேந்திய சுங்கக் காவலர், இரவில் மரக்கலங்களுக்கு வழிகாட்டும் கலங்கரை விளக்கம் ஆகியவை முன்னே வருகின்றன. இளந்திரையன் பின்னே வருகிறான். நண்டின் கவைத்த காலுக்கு உவமை தேடியபோது, துருத்தியை மிதித்து உலையூதும் கொல்லனின் குறடுதான் இவருக்கு நினைவு வந்தது. கொல்லன் பட்டறையில் நின்று பார்த்திராதவருக்கு அவ்வுவமை வாய்க்காது.

அந்நகரைக் காண இன்று பூம்புகார் செல்வோர், 1973இல் எழுப்பப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைக் கண்டு மகிழ்கின்றனர். கல்லில் வடித்த கண்ணகி கதை அங்கே உண்டு, நன்று. ஆனால் அருகிலுள்ள கீழையூரில், 1960களில் அகழ்ந்து வெளிக்கொணரப்பட்ட செங்கல் படகுத்துறையை எத்தனை பேர் கண்டனர்? படகு கட்டுவதற்கு நட்ட மரத்தூண்களின் அடிப்பகுதியோடு கிடைத்த துறை அது. கிறித்து பிறப்பதற்கு முந்திய நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்று கணிக்கப்பட்டுள்ளது. பட்டினப்பாலையின் உப்புப் படகு கட்டப்பட்டது இத்தகைய தூணில்தான். பாடலைக் கற்பிக்கும் ஆசிரியர் கலைக்கூடத்தின் படத்தை மட்டும் காட்டி இத்தூணைக் காட்டாவிடில், பாடலிற் பாதியை விட்டுவிட்டவர் ஆவார்.

காழகம் என்பதற்குக் கடாரம் என்று பொருள் எழுதினார் நச்சினார்க்கினியர். இனி வருவது மலேசியத் தமிழர் நெஞ்சுக்கு நெருங்கிய பகுதி. ஆதலின் சற்றுக் கசப்பாகவும் இருக்கக்கூடும்.

கெடாவில் ஜெராய் மலையின் அடியில், மெர்போக் ஆறும் மூடா ஆறும் கடலை அடையும் பகுதியில் விரிந்துள்ளது பூஜாங் பள்ளத்தாக்கு. சென்ற நூற்றாண்டில் இங்கே முறையாக ஆராய்ந்தவர் குவாரிச் வேல்சும் அவர் துணைவியாரும். 1936-37இல் அகழ்ந்து 1940இல் அவர் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பே, மலாயாவில் பண்டை இந்தியக் குடியேற்றம் என்று பொருள்படும். அரிக்கமேட்டில் வீலர் உரோமரைக் கண்டதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, பூஜாங்கில் வேல்ஸ் இந்தியரைக் கண்டுவிட்டார். அரிக்கமேட்டைப் பற்றிய முடிவைத் தமிழர் மறுத்தனர்; பூஜாங்கைப் பற்றிய முடிவை மகிழ்ந்து ஏற்றனர். ஒரே பிழை, ஓரிடத்தில் சுட்டது, மற்றோரிடத்தில் இனித்தது.

இராசேந்திர சோழன் 1025இல் கடல் கடந்து படை செலுத்தியது வரலாறு. அவன் மெய்க்கீர்த்தி வென்ற ஊர்களை வரிசைப்படுத்திக் கடாரத்தில் முடிகிறது. அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ அம்மன்னன் காலத்தைக் களமாகக் கொண்டது. 1963இல் சாகித்திய அகாதமிப் பரிசு பெற்றது. சாண்டில்யனின் ‘கடல் புறா’ கடாரத்துக்கும் சிறீவிசயத்துக்கும் வாசகரை அழைத்துச் சென்றது. இந்நாவல்கள் தோட்டத்துப் படிப்பகங்களில் தாள் கிழியும்வரை கைமாறியவை. தாழ்வு மனப்பான்மையில் அழுந்திய ஒரு சமுதாயத்திற்கு நிமிர்வு தந்தவை. அதனை எள்ளி நகையாடுதல் கூடாது. எனினும், புக்கிட் பத்து பகாட் கோயிலடியில் நிற்கும் தமிழ்ப் பயணி அங்குள்ள கல்லைக் காணாமல், நாவலின் போர்க்களத்தையே காண்கிறான் என்றால், நாவல் தன் எல்லையைக் கடந்துவிட்டது எனலாம். அவ்வாறு எழுதப்பட்ட கட்டுரைகளில் ‘நம் முன்னோர் ஆண்ட மண்’ என்ற தொடர் வந்தே தீரும். ஆண்டவன் யார், எத்தனை நாள் ஆண்டான், அங்கே முன்னரே இருந்தவர் யார் என்ற வினாக்கள் எழுவதில்லை.

கிடைத்துள்ள சான்றுகளோ வேறு கதை கூறுகின்றன. படையெடுப்புக்கு முன், இராசராசன் காலத்தில், கடாரத்து அரசன் சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் எழுந்தது. அதற்குச் சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக அளித்தான். செப்பேடு இதனைச் சொல்கிறது. ஆக, கடாரத்தான் நாகையில் கட்டினான். நாகையான் கடாரத்தில் வணிகம் செய்தான். அதற்கும் ஐந்து நூற்றாண்டுகள் முன்னர், புத்தகுப்தன் என்னும் மாநாவிகன் தன் கடற்பயணம் இனிது நிறைவேற வேண்டிக் கல்லில் பொறித்த எழுத்து, 1834இல் செபராங் பிறையில் கண்டெடுக்கப்பட்டது. அவன் அரசனல்லன், படைத்தலைவனுமல்லன். கடலுக்கு அஞ்சிய மாலுமி. தமிழ்ப் பயணக் கட்டுரைகளில் இராசேந்திரன் பெற்ற இடத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இவன் பெறவில்லை.

2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் சுங்கை பத்துவில் நடத்திய அகழ்வு இன்னும் வியப்பானது. செம்பனைத் தோட்டத்தின் நடுவே, இரும்பு உருக்கிய உலைகளும், துருத்தியின் காற்றை உலைக்குள் செலுத்திய களிமண் குழாய்களும் குவியல் குவியலாக வெளிப்பட்டன. ஆற்றங்கரையில் செங்கற்களால் ஆன துறைகளும் கிடைத்தன. அவ்விடத்தின் தொடக்க ஆண்டு பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு தீரவில்லை. ஆனால் அங்கே உலை மூட்டி உழைத்தோர் திரளாக இருந்தனர் என்பதில் ஐயமில்லை. அவர்களுள் பெரும்பாலோர் அம்மண்ணின் மக்களாகவே இருந்திருத்தல் கூடும். உருத்திரங்கண்ணனாரின் கொல்லன் இங்கே வந்திருந்தால் மொழி தெரியாமலேயே தொழில் பேசியிருப்பான். அவர் பாடிய மிதியுலையை நோக்கும் கண், இவ்விடத்துக்கு வெகு தொலைவிலுள்ள போர்க்களத்தைத் தேடாது.

2013இல் அப்பள்ளத்தாக்கின் 11ஆம் எண்ணிட்ட சண்டி, நில மேம்பாட்டு வேலையின்போது இடித்துத் தள்ளப்பட்டது. நாடெங்கும் வருத்தம் எழுந்தது. தமிழரும் குரல் கொடுத்தனர். அவ்வருத்தத்தில் எழுதப்பட்டவற்றைப் படிப்பவர், ‘தமிழன் கோயில் இடிந்தது’ என்னும் புலம்பலை மிகுதியாகக் காண்பர். அச்சண்டியின் அடித்தளம் எக்கல்லால் ஆனது, எவ்வளவு நீளம், அங்கே என்ன கிடைத்தது என்று எழுதி வைத்தோர் சிலரே. கோயில் போனபின் எஞ்சுவது குறிப்பு மட்டுமே. அக்குறிப்பையும் எழுதாத பயணி, இடித்தவனுக்கு அடுத்த நிலையில் வைக்கத் தக்கவன் என்பது கடுமையான தீர்ப்பாகத் தோன்றினும் தவறாகாது.

தமிழ்ப்பள்ளி மாணவர் எழுதும் சுற்றுலாக் கட்டுரைக்கு ஓர் அச்சு உண்டு. விடியலில் பேருந்து புறப்படும்; ஆசிரியர் விளக்கம் தருவார்; மாணவர் வியப்பில் ஆழ்வர்; மாலையில் களைப்போடும் மகிழ்ச்சியோடும் வீடு திரும்புவர். எந்த ஊருக்குச் சென்றாலும் இவ்வச்சு மாறுவதில்லை. ஊரின் பெயரை மட்டும் மாற்றினால் போதும். இதில் குற்றம் மாணவனுடையதன்று. அவனுக்குக் காட்டப்பட்ட மாதிரிக் கட்டுரை அவ்வாறு அமைந்தது. பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், ரிங்லெட்டுக்குக் கீழே, லெம்பா பெர்த்தாமில் வாழும் ஒரு மாணவன் பூஜாங் சென்று வந்து எழுதுவதாகக் கொள்வோம். அவன் கட்டுரையில் சோழர் கப்பல் வரும். அவன் வீட்டுக்கருகே ஓடும் ஆறு வராது. கடாரத்தைக் காணப் பழகாத கண், பெர்த்தாமையும் காணப் பழகியிராது.

அம்மலையைப் பற்றிய பயணக் குறிப்புகளும் அவனுக்கு உதவுவதில்லை. தானா ராத்தாவை ஒட்டி 1930களில் ஆங்கிலேயர் தம் நாட்டு நினைவில் எழுப்பிய தூடர் பாணி விடுதியைக் கண்டதும், ‘குட்டி இங்கிலாந்து’ என்ற சொல் எழுத்தாளர் நாவில் ஊறிவிடுகிறது. 1885இல் வில்லியம் கேமரன் அளக்க வந்தார் என்று தொடங்கி, 1929இல் ரசல் தேயிலைத் தோட்டம் தொடங்கினார் என்று முடித்துவிடுவர். அளக்க வந்தவருக்கு வழிகாட்டியவர் யார், காட்டை வெட்டிச் சரிவில் வரிசை பிடித்துச் செடி நட்டவர் யார் என்பன அங்கே இல்லை. பெர்த்தாம் என்பது அக்காடுகளில் வளரும் ஒருவகைப் பனையின் பெயர். தோட்டம் வருமுன்னரே அப்பகுதியில் செமாய் மக்கள் வாழ்ந்தனர். அரிக்கமேட்டில் வீலர் விட்டுவிட்டதும், பூஜாங்கில் தமிழ்ப் பயணி விட்டுவிடுவதும் இம்மலையில் விடுபட்டதும் ஒன்றேதான்.

பெர்த்தாம் ஆறு 1960களில் அணைக்குள் அடங்கியது. 2013 அக்டோபர் 23ஆம் நாள் இரவில் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் லெம்பா பெர்த்தாமின் கரையோர வீடுகளை வாரிச் சென்றது, உயிர்களும் போயின. பூஜாங்கின் சண்டி இடிந்ததும் அதே ஆண்டில்தான். அப்பள்ளத்தாக்கில் வளர்ந்த மாணவன் ஒருவனுக்கு, ஓர் இரவில் வீடு இடிபாடாவது என்றால் என்ன என்று ஏட்டில் படிக்கவேண்டியதில்லை. இடிபாட்டைப் பற்றி எழுத அவனைவிடத் தகுதியுடையவர் சிலரே. அவனிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. கட்டுரைத் தலைப்பாக அது கொடுக்கப்பட்டதுமில்லை.

அவன் பார்க்கக்கூடியவை இன்னும் உள்ளன. பழைய லயங்களில் பல இடிக்கப்பட்டுவிட்டன. பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்ட காலத்தை நினைவில் வைத்திருக்கும் முதியோர் சிலர் இருக்கின்றனர். இன்று தோட்டங்களில் கொழுந்து எடுப்போர் பெரும்பாலும் வங்காளதேசம், நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். தேயிலைச் செடியைக் கவாத்துச் செய்யாமல் விட்டால் அது செடியாக நிற்பதில்லை. மரமாக ஓங்கி வளர்ந்துவிடும். காட்டோரத்தில் ஒரே இடைவெளி விட்டு வரிசை பிசகாமல் மரங்கள் நிற்குமானால், அங்கே ஒரு காலத்தில் யாரோ கயிறு பிடித்து அளந்து, குழி தோண்டி, நாற்று நட்டனர் என்று பொருள்.